வசதியான குடும்பம் என்று எழுதியதைத் திருத்தவும்

மருதனார்மடம்,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் பார்த்தீபனுக்கு,

ஆஞ்சநேயர் கிருபையால் நானும் உமது மாமியும் சுகம். ஜெனிவாக் குளிரில் நீரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக; உமது மனித உரிமைக் கந்தோரில் யாராவது இதை வாசித்தால், அந்த வரியை ஆதாரமாக எடுக்க வேண்டாம் என்று சொல்லும். தொலைபேசியில் கதைத்தால் மாமிக்குக் கேட்கும் என்பதால்தான் கடிதம்.

காங்கேசன்துறையில் எங்கள் வீடும் காணியும் இராணுவப் பாதுகாப்பு வலய வேலிக்குள் போய் முப்பத்தைந்து வருஷம். இப்போது இருக்கும் வாடகை வீடு ஒன்பதாவது. இப்படியான குடும்பங்களின் பட்டியல் ஒன்றை உமது அமைப்பு தயாரிக்கிறது, அதில் பெயர் வந்தால் காணியை விடச்சொல்லி மேலிடத்தில் கேட்கலாம், ஒரு பெண் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று நீர்தான் சொன்னீர். உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னீர். அதை என்னிடம் சொன்னதுதான் பிழை, மாமியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆள் வீட்டுக்கு வருகிறது என்று கேட்டவுடன் அவள் சேலையை இழுத்துச் செருகினாள். மழைக்கு மறைப்பாகக் கூரையில் கட்டியிருந்த தறப்பாளை என்னை ஏற்றிக் கழற்றுவித்தாள், ஒழுக்குக்கு வைத்த வாளிகள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போயின, பக்கத்து வீட்டு மீனாம்பிகையின் சோபா வந்தது, மின்விசிறி வந்தது, கண்ணாடி அலுமாரி வந்தது, அலுமாரிக்குள் இருந்த மீனாம்பிகை மகனின் பட்டமளிப்புப் படமும் கூடவே வந்தது. அதை எடுத்து ஒளிக்க நேரமிருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது என் தங்கையின் மகனான உமக்குத் தெரியும்; பிறகு வந்த அறிக்கையின்படி எங்களுக்கு ஒரு பொறியியலாளர் மகன் இருக்கிறான். ஒரு கிழமையாக ஊற்றிய மழையும் அன்றைக்குப் பார்த்து ஓய்ந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டது.

வந்த அதிகாரி நல்ல பிள்ளை, ஆனால் மெலிந்த பிள்ளை. வினை அங்கேதான் பிடித்தது. போதிய உணவு கிடைக்கிறதா என்று அவர் கேட்டபோது மாமி அவருடைய தட்டில் நாலாவது உளுந்துவடையை வைத்துக்கொண்டிருந்தாள். உடல்நலம் எப்படி என்றார். வாசல் தேடி வந்தவரிடம் யாராவது நோய் சொல்வார்களா? உங்கடை புண்ணியத்திலை ஒரு குறையுமில்லை என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. மொழிபெயர்க்க நல்லூரிலிருந்து வந்த நிவேதனா அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டதற்கு, எங்கள் காணி வேலியடியில் நிற்கிற சிப்பாயின் தாய்க்குச் சுகமில்லையாம், பாவம் என்றாள் மாமி. அதையும் எழுதிக்கொண்டார்கள். போகும்போது ஒரு தகரப் பேணி நிறையப் பயத்தம் பணியாரமும் கொடுத்துவிட்டோம்.

அறிக்கை நேற்று வந்தது. வசதியான குடும்பம், இப்போதிருக்கும் இடத்தில் நன்றாக ஊன்றிவிட்டது, அவசரக் கவனம் தேவையில்லை. பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு மாமியைக் கண்டபடி பேசிவிட்டேன். உன் வடையாலே காணி போச்சு என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் வாளியைக் கொண்டுவந்து ஒழுக்கடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வீட்டுக்கு வந்த பிள்ளையை ஒழுக்குக்குக் கீழை இருத்திவைச்சு அழச்சொல்லுறியளோ? காணியைத்தான் எடுத்தவை. மானத்தையும் நாங்களாக் குடுக்கவேணுமோ?”

உமது சர்வதேசச் சட்டப் புத்தகங்களில் இதற்கு ஏதாவது பிரிவு இருந்தால் பார்த்து எழுதும். அழுது காட்டினால்தான் உரிமை என்று எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியாது. எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தெட்டு. இன்னொரு பட்டியல் எழுதும்வரை நாங்கள் இருப்போமா என்று பயமாக இருக்கிறது, தம்பி.

ஆகவே தயவுசெய்து திருத்தம் செய்வியும். கூரை ஒழுகுகிறது. சோபா எங்களுடையது அல்ல. மகனும் எங்களுடையவன் அல்ல. இரவல் காற்றைத் தவிர வேறு காற்று இந்த வீட்டில் வீசவில்லை. யார் வந்து கேட்டாலும் இனி ஒன்றையும் மறைக்க மாட்டேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடும். காதை மூடித் தொப்பி போடும். நல்லூர்க் கந்தன் உமக்குத் துணை நிற்பான்.

இப்படிக்கு,
உமது மாமன்
தம்பிஐயா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நிவேதனா தொலைபேசி எடுத்தாள். அந்த அதிகாரிக்கே அறிக்கையில் ஏதோ சந்தேகமாம், செவ்வாய்க்கிழமை திரும்பவும் பார்க்க வருகிறாராம். மாமி உளுந்து புடைக்கத் தொடங்கிவிட்டாள். நான் சோபாவில் ஒரு பக்கம் பிடிக்க மீனாம்பிகை வீட்டுக்குப் போகிறேன். அவர் வந்துபோகும்வரை இந்தக் கடிதத்தை அங்கே ஒருவருக்கும் காட்டிவிட வேண்டாம். நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துபோகும்.