புடலங்காய்க்கும் இதயம் துடித்த காலை

இந்த வன்னியில் எவரையும் இரண்டு கண்ணாலும் பாராத ஒரே மனிதர், தர்மபுரம் சந்தி மணிக்கூட்டுக்கடை ஒற்றைக்கண்ணர்தான். பார்வையில் குறையொன்றும் இல்லை. மணிக்கூடு திருத்தும்போது கண்ணில் இடுக்கும் சின்னப் பூதக்கண்ணாடியை மனிதர் கழற்றுவதே கிடையாது. சைக்கிளிலும் அதுதான், கலியாணப் பந்தியிலும் அதுதான். நமக்குள் எந்தச் சக்கரத்தில் தூசி என்று தேடுவதுபோலவே பார்ப்பார்.

கைத்தொலைபேசி வந்து ஊரார் மணிக்கூட்டைக் கழற்றியபோது அவர் சளைக்கவில்லை. போன் திருத்தப் பழகினார். முதல் போனைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்கை ஒண்டும் சுத்தேல்லையே!" என்று செத்தவீட்டுக் குரலில் சொன்னாராம். பிறகு ஸ்மார்ட் வோச் வந்தது. பக்கத்தில் ஏசி பூட்டிய போன் கடையும் வந்தது. அவரும் சில ஸ்மார்ட் வோச்சுகளை வாங்கித் தொங்கவிட்டார். விலை கேட்டு வருபவரிடம், "இது மணிக்கூடு இல்லைத் தம்பி, கையில கட்டுற ரீவி" என்பார். வியாபாரம் எப்படி நடக்கும்?

நான் என் ஸ்மார்ட் வோச்சை அந்தப் போன் கடையில்தான் வாங்கினேன். அது அவர் கண்ணில் படாமலிருக்க, கொதிக்கிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்தேன்.

ஒரு காலை, கண்டாவளை வயலிலிருந்து இரண்டு சில்லு உழவு மெசினில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கினேன். வோச்சைப் பார்த்தால் இதயத்துடிப்பு நூற்றெழுபது! வேர்த்தது, நாக்கு வறண்டது. போன் கடை திறக்கவில்லை. மானத்தை விட்டுப் பக்கத்துக் கடைக்குள் பாய்ந்தேன்.

"அண்ணை, நான் போறன்!"

"எங்கை?"

"மேல! என்ர மனுசிக்குச் சொல்லிவிடுங்கோ... வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு விரதமெண்டு சொல்லிப்போட்டு வழியில மீன் றோல்ஸ் திண்டனான்."

மணிக்கூட்டு வார் மாற்ற வந்து வாங்கில் குந்தியிருந்தவர் என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா என்பதை அப்போதுதான் கண்டேன்.

"எத்தினை றோல்ஸ்?" என்று கேட்டா அவா.

ஒற்றைக்கண்ணர் எழுந்து வந்தார். என் வோச்சைக் கழற்றி, அந்த அக்காவின் சந்தைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த புடலங்காயில் கட்டினார். அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. வோச் கொஞ்சம் யோசித்துவிட்டு, எண்பத்தெட்டு என்றது.

"தங்கச்சி, உங்கட புடோலங்காய் நல்ல சுகம். பயப்பிடாமல் கறி வையுங்கோ."

கடையே சிரித்தது. ஊரைக் கேலி செய்து திரிந்த எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த நூற்றெழுபது உண்மையாகவே இருந்து, நான் போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது என்று பட்டது.

"இரு," என்று கதிரையைக் காட்டினார். பிறகு, பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, தன் சாவி கொடுக்கும் மணிக்கூட்டைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினார்.

"வடிவா ஓடுது. கொஞ்சம் வேகம்; அது பயம். எதுக்கும் ஆசுப்பத்திரியில ஒருக்காக் காட்டு." குரலைத் தணித்தார். "இந்த முழுக்கைச் சட்டையையும் விடு. அவிஞ்சு போவாய். நீ கட்டின முதல் நாளே கண்டனான்."

வீட்டுக்கு எனக்கு முன்னே றோல்ஸ் கதை போய்ச் சேர்ந்திருந்தது. சந்தியில் இப்போது என் பெயர் புடலங்காய். அப்படிக் கூப்பிடாதவர் அவர் ஒருவர்தான். நான் கடையைக் கடக்கும்போது பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டுவார். அரைக்கைச் சட்டையோடு மணிக்கட்டைக் கொடுத்துவிட்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை அந்த இரண்டு கண்களையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.