சாலை நடுவே ஒரு கட்டுமானம்

என்னிடம் குறை சொல்ல நிறைய இருக்கலாம்; தைரியம் போதாது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தெரியாத வேலையைக்கூடத் தெரிந்தவள் மாதிரிச் செய்துவிடுவேன். (நடுக்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.)

என் மகள் காயத்ரி கட்டட என்ஜினீயர். திருவனந்தபுரத்தில் தனியாகத் தொழில் தொடங்கி அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, விழிஞ்ஞத்தில் லிஸிக்கு ஒரு வீடு. வியாழக்கிழமை பங்குத்தந்தை வந்து அடிக்கல் இடுவதாக ஏற்பாடு. அதற்குள் பெர்மிட் வராவிட்டால் வேறு என்ஜினீயரைப் பார்ப்பேன் என்று லிஸி நேராகவே சொல்லிவிட்டாள்.

இப்போதெல்லாம் வரைபடத்தை முதலில் பார்ப்பது மனிதர் இல்லை, கம்ப்யூட்டர். எல்லையிலிருந்து எவ்வளவு, கிணற்றிலிருந்து எவ்வளவு என்று அதுவே அளந்து, விதிக்குள் இருந்தால்தான் மேலே விடும். திங்கள் காலை காயத்ரி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, அனுப்புவதற்கு முன் குளிக்கப் போனாள். லாப்டாப் திறந்தே கிடந்தது. படத்தின் மேலே பிள்ளையார் சுழி இல்லை.

மளிகைச் சீட்டுக்கே சுழி போடுகிறவள் நான். மகளின் முதல் வீட்டுக்குப் போடாமல் விடுவேனா? மௌஸைப் பிடித்து, மேல் ஓரத்துக் காலியிடத்தில் சின்னதாக ஒன்று வரைந்து, சேமித்தும் வைத்தேன்.

அனுப்பிய படம் அரை மணியில் திரும்பி வந்தது. காரணம்: பொதுச்சாலையில் கட்டுமானம். காயத்ரி வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எதுவும் எல்லை தாண்டவில்லை. மறுபடி அனுப்பினாள், அதே பதில். புதன்கிழமை லிஸியோடு பெர்மிட் தரும் அலுவலகம் போனாள். நானும் போனேன். (தைரியம் சொல்ல.)

அதிகாரி படத்தைச் சுருக்கி, மனையும் சாலையும் சேர்ந்து தெரியும்படி வைத்தார். நான் காலியிடம் என்று நினைத்தது சாலை. அதன் நடுவே ஆள் நீளத்துக்கு என் சுழி படுத்திருந்தது. சுவர் வரையும் கோட்டாலேயே போட்டதால், கம்ப்யூட்டருக்கு அதுவும் சுவர்.

"இது எந்தா மோளே, ரோட்டில ஒரு கெட்டிடம்?"

காயத்ரி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, லாப்டாப்பைத் தொட்டயா?"

நான் அதிகாரியிடமே சொன்னேன்: "நான்தான் சார். நல்லபடியா நடக்கட்டும்னு போட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். லிஸி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். காயத்ரி அங்கேயே சுழியை அழித்து அனுப்பினாள். மாலைக்குள் பெர்மிட் வந்தது. வியாழக்கிழமை கல்லும் விழுந்தது.

வீடு முடிந்து பால்காய்ச்சலுக்குப் போனபோது லிஸி என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பங்குத்தந்தை முன் நிறுத்தினாள். "ஃபாதரே, நம்ம ரோட்டில கணபதிக்கு அம்பலம் கட்டின சேச்சி இதுதான்."

அவர் சிரிக்கவில்லை. பக்தியோடு கேட்டார்: "கும்பாபிஷேகம் என்னைக்கா?"

இப்போது என் மகள் உட்பட எல்லோரும் என்னிடம் கேட்பது அதைத்தான்.