குருவிகுளத்தில் இளங்கடற்பனி

வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்ற மகத்தான உண்மையை நிலைநாட்டிய ஊர் எதுவென்று யாராவது கேட்டால், இனி சங்கரன்கோவில் என்றே சொல்ல வேண்டும். அந்தப் பெருமை முனைவர் செல்வக்குமாரைச் சேரும். வடதுருவத்தில் புதிதாக உறையும் கடற்பனியைச் செயற்கைக்கோளின் நுண்ணலையால் அளப்பது எப்படி என்று ஏழு வருஷம் ஆராய்ந்தவர். பனியை நேரில் பார்த்தது ஐஸ் வண்டியில்தான். பட்டம் வாங்கியவருக்குக் கிடைத்ததோ, சொந்த ஊரில் ‘விண்வழி வறட்சி கண்காணிப்புப் பிரிவு’ வேலை. கற்றதை வீணாக்கலாமா? பழைய மென்பொருளையே கொண்டுவந்து பொருத்தினார். அதில் மூன்றே வகை: திறந்த கடல், இளம்பனி, முதிர்பனி. நிலம் என்றொரு வகை கிடையாது.

குருவிகுளம் பக்கத்துக் கிராமத்தின் வார்டு உறுப்பினர் ராஜகுமாரி, குடிதண்ணீர் லாரி கேட்டு அந்தப் பிரிவில் மனு கொடுத்தார். அங்கே குளம் வற்றி, தரை உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. மென்பொருள் அதைத் தீர ஆராய்ந்து, ‘இளங்கடற்பனி, தடிமன் 12 செ.மீ.’ என்று அறிவித்தது. ‘நீர்வளம் உறைநிலையில் போதுமான அளவு இருப்பில் உள்ளதால்’ மனு நிராகரிக்கப்பட்டது.

அதற்குப் பதினோராம் நாள் ராஜகுமாரி ஒரு பாட்டிலில் ஊர் போர்வெல் தண்ணீரோடு செல்வக்குமாரின் அலுவலகத்தில் வந்து நின்றார். ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கண்ணால் பார்ப்பதெல்லாம் அறிவியல் ஆகாது என்றும், மேகம் மறைத்தாலும் நுண்ணலை ஊடுருவிப் பார்த்துவிடும் என்றும் செல்வக்குமார் பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்:

“உங்க தண்ணி உப்புக் கரிக்கும்லா?”

“வாயில வைக்க முடியல சார். பிள்ளைகளுக்கு வயித்தால போகுது.”

செல்வக்குமாருக்கு மெய்சிலிர்த்தது. இளம்பனிக்குள் உப்புநீர் சிக்கியிருக்கும். அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அதுதான்.

“அப்போ ரிப்போர்ட் சரிதான் அக்கா. பனி முதிர முதிர உப்பு தானா வடிஞ்சிரும். ரெண்டு வருஷம் பொறுத்தா நல்லாவே குடிக்கலாம்.”

ராஜகுமாரி பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

“உங்க சாட்டிலைட்டு மேகத்தைத் தாண்டிப் பாக்கும்னு சொல்லுதீங்க. நீங்க இந்த மேசையத் தாண்டிப் பாக்க மாட்டேங்கீங்களே சார்.”

அவர் போனதும் செல்வக்குமார் கோப்பில் எழுதினார்: ‘கருவியின் துல்லியத்தை மனுதாரர் நேரில் ஒப்புக்கொண்டார்.’ எழுதி முடித்ததில் தொண்டை வறண்டது. எழுந்துபோய், மூலையிலிருந்த கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். மேசைமேல் இருந்த பாட்டிலை அவர் தொடவில்லை. அதிலிருந்தது பனி அல்ல என்பது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது.