குடிப்பழக்கம் இல்லாத வாத்துகள்

1913 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

நாங்குநேரியில் உபாத்தியாயராக இருக்கும் பெரியப்பா சத்தியநேசன் அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் கெசியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் பெரியம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இங்கே தினமும் ஜெபிக்கிறோம். நாங்களும் அப்படியே சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை.

நான் முதலில் கவனித்தது அப்பாவின் கோட்டுப் பொத்தானை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் கடைசிப் பொத்தான் அதன் ஓட்டைக்கு எட்டவில்லை. துணிதான் சுருங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்புறம் அதற்கு மேலுள்ள பொத்தானும் எட்டவில்லை. கை கால் மெலிய மெலிய வயிறு மட்டும் முன்னால் வந்தது, கண் மஞ்சளாயிற்று, வலது விலாவில் கை வைத்துக்கொண்டுதான் பிரசங்கமே செய்தார். வண்ணார்பேட்டையில் ஹென்றி டாக்டர் அழுத்திப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். நாங்கள் வண்டியில் ஊர் திரும்புவதற்குள் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. ஈரல் வீங்கினால் குடி என்பதுதான் ஊர்க் கணக்கு. எங்கள் அப்பா உபதேசியார் சுவிசேஷமுத்து, ஊரையே கள்ளை விடச்சொல்லிக் கையெழுத்து வாங்கினவர், ஒளித்து வைத்துக் குடிக்கிறாராம். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு சபைக் கமிட்டி எலியேசர் மாமாவின் பனைமரங்களைக் கள்ளுக் குத்தகைக்கு எடுக்க ஆளில்லை; அவர் கிணற்றடியில் நான் கேட்கவே சொன்னார்: "ஈரல் சும்மா வீங்குமா வே? பச்சத்தண்ணி குடிச்சு எவனுக்காவது வீங்கியிருக்கா?" குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு யாரோடும் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் டாக்டர் எனக்கு வாத்து மேய்க்கும் வேலையைத் தந்தார் போலிருக்கிறது, வாத்தோடு பேச வேண்டியதில்லையே. அவர் நெடுநாளாக ஈரலை ஆராய்கிறார். குடியே தொடாத ஒரு பெண்பிள்ளையும் குடிகாரனைப் போல ஈரல் வீங்கிச் செத்ததைப் பார்த்தாராம். எங்கள் கொல்லையில் வாத்துகளை இரண்டு கூட்டமாக விட்டார். ஒரு கூட்டத்துக்குத் தவிடும் வயல் நத்தையும். காலில் சிவப்பு நூல் கட்டிய மற்றக் கூட்டத்துக்கு நெய்ச்சோற்றைக் கருப்பட்டியோடு பிசைந்து உருட்டி ஊட்ட வேண்டும். "கொழுப்பு ஈரல்ல வந்து சும்மா படுத்துக்கிடந்தாப் பரவாயில்ல, கெசியா. சில ஈரல்ல அது உள்ளுக்குள்ளயே கனல ஆரம்பிக்கி. வீக்கம், வலி எல்லாம் அப்பதான். எது கனலும், எது கனலாதுன்னு அறுத்துப் பூதக்கண்ணாடியில பார்த்தாத்தான் தெரியும்" என்று சொன்னார். அந்த உருண்டையை உருட்டும்போதுதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வீடு வீடாக ஜெபிக்கப் போகிற உபதேசியார் எந்த வீட்டிலும் வைத்ததைத் தின்னாமல் எழுந்திருக்கக் கூடாதல்லவா. ஒரு வீட்டில் அதிரசம், அடுத்த வீட்டில் பணியாரம், அதற்கடுத்த வீட்டில் நெய் மிதக்கும் பொங்கல், எல்லா வீட்டிலும் கருப்பட்டிக் காப்பி. வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டீரோ என்று கேட்பார்கள். டாக்டரிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கேட்டதும் அவர் கமிட்டியிடமே போய், அறுப்புப் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை வாத்தை அறுத்து ஈரலைக் காட்டுகிறேன், சுவிசேஷமுத்து குடிக்கவில்லை என்பது அதில் தெரியும் என்று வாக்குக் கொடுத்தார். டாக்டர் தூத்துக்குடிக் கத்தோலிக்கர் ஆனபடியால் கமிட்டிக்கு அவர் மேல் நம்பிக்கை கொஞ்சம், அவருடைய வாத்தின் மேல் அதைவிடக் கொஞ்சம். ஆனாலும் சரி என்றார்கள்.

பண்டிகையன்று காலையில் நான் கோயிலில் வாழைக்குலை கட்டப் போயிருந்தேன். காணிக்கையாக வந்ததை ஏலம் போடுகிற நேரத்தில் பார்க்கிறேன், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் சிவப்பு நூல் கட்டிய வாத்துகள், ஒன்று விடாமல்! அம்மாதான் கொண்டுவந்து படைத்திருக்கிறாள். அப்பாவுக்குச் சுகமாக வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள். "மெலிஞ்சதக் கொடுத்துட்டுக் கொழுத்தத வீட்டுல வச்சிக்கிட்டா கர்த்தர் கண்ண மூடிக்கிட்டா இருப்பாரு? டாக்டருக்கு என்ன, மிச்சம் உள்ளதும் வாத்துதானட்டி?" என்றாள். நான் மறுப்பதற்குள் வாத்துகளின் முறை வந்துவிட்டது. அத்தனையையும் எலியேசர் மாமா ஏலத்தில் எடுத்து, அன்றைக்கே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்தும் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை டாக்டர் கத்தியோடும் கண்ணாடிக் குப்பிகளோடும் வந்தார். விஷயம் தெரிந்ததும் எலியேசர் மாமா வீட்டுக்கு ஓடினார், பின்னால் நானும்.

"அண்ணாச்சி, அந்த ஈரல்! ஈரல் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஈரலையா மிச்சம் வைப்பாக? மொதல்ல அதத்தான தின்னேன். ஏயப்பா, அப்படி ஒரு ஈரல இந்தப் பல்லு கண்டதில்ல. உள்ளங்கை அகலம், மஞ்சப் பூத்து, நாக்குல வெண்ணெயாக் கரைஞ்சிட்டு!"

"கமிட்டியில இதை அப்படியே சொல்லும்" என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவும் ருசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கமிட்டியில் எழுந்து நின்று அப்படியே சொன்னார். "கேட்டீகளா? இந்த வாத்துக எந்தக் கள்ளுக்கடைக்குப் போச்சு?" என்று டாக்டர் கேட்டார். அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். அப்புறம் குருவானவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, அப்படியானால் இது குடியல்ல, பெருந்தீனி, அதுவும் பாவந்தானே என்றார். யார் வீட்டில் தின்றார், உங்கள் வீடுகளில்தானே என்று டாக்டர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். எங்கள் வீட்டுப் பணியாரம் விஷமா என்று ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். கடைசியில், அடுத்த திங்கட்கிழமை இரத்த உறவில் மூத்த ஆண் ஒருவர் வந்து அப்பா குடித்ததில்லை என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உபதேசியார் வேலை போகும், இந்த வீடும் போகும் என்று தீர்த்தார்கள். இன்னொரு கூட்டம் வாத்தைக் கொழுக்க வைக்க மழைக்காலம் வந்துவிடும் என்கிறார் டாக்டர். அதுவரை அப்பாவை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் குப்பிகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார். அப்பா இப்போது யார் வீட்டிலும் எதையும் தொடுவதில்லை. அதனால் குடிகாரன், பெருந்தீனிக்காரன் என்ற பேரோடு பெருமைக்காரன் என்ற பேரும் சேர்ந்துவிட்டது.

ஆகையால் பெரியப்பா, வரும் திங்கட்கிழமை எப்பாடு பட்டாவது வந்து நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். உங்களை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை. பெரியம்மாவுக்கு என் அன்பு. தம்பி தங்கைகளுக்கு முத்தம். நீங்கள் வரும் வழியெல்லாம் கர்த்தர் நிழலாக இருப்பாராக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
கெசியா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது எலியேசர் மாமாவின் சம்சாரம் யூனிஸ் அத்தை பின்வாசல் வழியாக முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கும் வலது விலாவுல பிடிச்சிட்டு வலிக்கி, கண்ணும் மஞ்சளாத் தெரியுது. கள்ளுக்கு மரம் விட்ட மனுசன்னு ஏற்கெனவே பேரு இருக்கு. உபதேசியார்தான் கமிட்டியில வந்து, குடிக்காமலும் ஈரல் வீங்கும்னு ஒரு வார்த்த சொல்லணும்" என்று அழுதார்கள். மாமாவே இனி அப்பாவுக்கு எதிராக ஒன்றும் சொல்ல மாட்டாராம், கமிட்டியையும் சொல்ல விடமாட்டாராம். அப்பா சிரித்தார். வெகுநாளைக்கு அப்புறம் சிரித்தார், பெரியப்பா. பாதியிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது. கூப்பிட்டால் சற்றுக் கழித்துத்தான் கண்ணைத் திறக்கிறார். ஆகையால் மேலே எழுதியது ஒன்றும் வேண்டாம். சாட்சி சொல்ல வர வேண்டாம். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இதைக் கண்ட உடனே புறப்பட்டு வாருங்கள். அம்மாவோடு யூனிஸ் அத்தையையும் அப்பா பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் வண்ணார்பேட்டைக்கு டாக்டரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டேன்.