எல்லாம் கொல்லாம்

திருவனந்தபுரத்தில் அந்த நாளில் வாழ்ந்தவர்களில், நல்ல செய்தியை இரங்கல் செய்தியாக மாற்றும் திறமை போஸ்ட் டாக்டருக்கு வாய்த்ததுபோல் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. நான் ஒரு தமிழ் நாளிதழின் நிருபராக அந்த ஊரில் இருந்தேன். யாராவது இறந்தால்தான் எனக்கு இரங்கல் செய்தி எழுதும் வேலை வரும். அவருக்கு அந்தத் தடை இல்லை. மழை விட்டுவிட்டது என்று சொன்னால், "சாயங்காலத்துக்குச் சேத்து வச்சுக்கிருது" என்பார். எனக்குக் காய்ச்சல் தணிந்தபோது, "உடம்பு எதிர்க்கிறத நிறுத்திருச்சு போல" என்றார்.

வலியசாலையில் ஓர் அக்ரஹாரத்து வீட்டின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் அவர். அவருக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, நிரந்தர வேலை அமையாமல், நிறுவனம் நிறுவனமாகத் தற்காலிக ஆராய்ச்சியாளராக இருந்தார். அந்தப் பதவிக்குப் போஸ்ட்டாக் என்று பெயர். குடிவந்த அன்று, என்ன உத்தியோகம் என்று வீட்டுக்கார மாமி கேட்டபோது அதைத்தான் சொன்னார். "ஓ, போஸ்டாபீஸ்ல டாக்டர் ஆக்கும்" என்றார் மாமி. மறுநாளே தெரு முழுவதும் அவர் போஸ்ட் டாக்டர் ஆகிவிட்டார்.

எதிர்வீட்டு மாமா, மருமகள் அனுப்பிய பார்சல் வரவில்லை என்று புகார் கொண்டுவந்தார். "இனி வராது சார்" என்றார் இவர். மாமி மூட்டு வலிக்கு வைத்தியம் கேட்டார். அதற்கும் அதே இழவு வீட்டு முகம்: "இது சரியாகாது மாமி." தெருவுக்கு அவர் மேல் மரியாதை கூடியது. எந்த டாக்டரும் அதுவரை இவ்வளவு உடைத்துச் சொன்னதில்லை.

சிக்கல் முட்டையால் வந்தது. அவருடைய ஆராய்ச்சியே முட்டைதான். முட்டைக்குள் கோழிக்குஞ்சு உருவாகும்போது, முதுகெலும்புக்கான கணுக்கள் தலைப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக, சீரான தாளத்தில் தோன்றுகின்றன. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுவதுபோல. இவர் அந்தக் கடிகாரத்துக்குச் சமன்பாடு எழுதியிருந்தார். கதகதப்பைக் கொஞ்சம் குறைத்தால் கடிகாரமும் வளர்ச்சியும் சேர்ந்தே மெதுவாகும், அதனால் கணுக்களின் அளவு மாறாது என்பது அவர் கணிப்பு. இதை மாமியிடம் மறைத்து வைக்கும்படி நான் பலமுறை சொல்லியிருந்தேன். அவருக்குப் பொய் வராது. மாமி கேட்டதும் சொல்லிவிட்டார்.

"சிவ சிவா. இங்க கொண்டு வருவேளோ?"

"இல்ல மாமி. எனக்குக் கணக்குல மட்டுந்தான் முட்டை."

மாமி கொஞ்சம் யோசித்தார். "கணக்குல முட்டை வாங்கினவாளுக்கெல்லாம் இப்போ டாக்டர் பட்டம் குடுக்கறாளா?"

அவர் மறுக்கவில்லை. "அப்பிடித்தான் ஆயிருச்சு மாமி" என்றார்.

தாளில் மட்டுமே முட்டையைப் பார்த்து வந்தவருக்கு ஒருநாள் உண்மையான முட்டை தேவைப்பட்டது. அவருடைய பதவிக்காலம் முடியப் போகிறது. கணிப்பை உயிருள்ள கருவில் காட்டினால் நிறுவனத்தின் மதிப்பீட்டுக் குழு அதை நீட்டித்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். நிறுவனத்தின் உயிரியல் கூடத்தில் ஓமனா என்ற தினக்கூலி உதவியாளரை அவருக்குக் கொடுத்தார்கள். ஓமனா முட்டையோட்டில் சின்னத் துளை போட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. அன்று போஸ்ட் டாக்டர் வீட்டுக்கு வந்து, "உயிரோட இருக்கு சார்" என்று என்னிடம் புகார் சொல்லும் குரலில் சொன்னார். சாப்பாட்டுக் கடையில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். அவர் கணக்கில் அது திருவிழா.

இங்கே அவருடைய நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ல, ள, ழ மூன்றும் அதில் ஒன்றுதான். வாழைப்பழம் வாலைப்பலமாகத்தான் வரும். தமிழ்நாட்டில் இதனால் யாருக்கும் சேதம் இல்லை. ஆனால் கேரளத்தில் 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள்; 'கொல்லாம்' என்றால் கொல்லலாம்.

சோதனை பாதி தாண்டியிருந்தது. கணுக்கள் அவர் எழுதிய தாளத்திலேயே வந்துகொண்டிருந்தன. ஓமனா எல்லா முட்டைகளையும் வரிசையாகக் காட்டிவிட்டு, "கொள்ளாமோ சாரே?" என்று கேட்டார். போஸ்ட் டாக்டர், தான் கற்ற மலையாளம் முழுவதையும் திரட்டிப் பதில் சொன்னார்: "கொல்லாம். எல்லாம் கொல்லாம்."

பார்த்து முடித்த கருக்களைக் கொன்று ஃபார்மலினில் போடுவது அந்தக் கூடத்தின் வழக்கம். ஆராய்ச்சியாளர் வாயால் சொன்னால் போதும். உச்சரிப்பில் ஓமனாவுக்குச் சந்தேகம் எழுந்திருக்கலாம். ஆனால் முகத்தையும் பார்த்தார் அல்லவா? தன் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நாளில் அந்த மனிதர் காட்டிய முகம், மரண உத்தரவு போடுகிறவரின் முகம். அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"சார் பறஞ்ஞில்லே?" என்று, சொன்னதே நீங்கள்தானே என்பதுபோல் கேட்டார் ஓமனா. என்ன நடந்தது என்று புரிந்தபின் அவர் அழுத அழுகை மாடிப்படி வரை கேட்டதாம். இவர் அழவில்லை. பாதியில் நிறுத்திய கடிகாரத்தைக் காட்டி, அது கடைசிவரை சரியாக ஓடியிருக்கும் என்று யாரிடமும் வாதாட முடியாது, அவ்வளவுதான் என்று என்னிடம் சொன்னார். மறுபடி தொடங்குவதற்குள் குழு கூடிவிடும்.

குழு கூடிய நாளில் என்னையும் வரச் சொன்னார். "பொணத்த அடையாலம் காட்ட ஒரு ஆல் வேணும்ல" என்றார். நிறுவனம் கழக்கூட்டம் பக்கம். கூட்ட அறைக்கு வெளியே ஓமனாவும் நின்றிருந்தார். உதவியாளர் கேட்காமலே செய்துவிட்டார் என்று இவர் உள்ளே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவறு அந்தப் பக்கம் போய்விடும், இவருக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கலாம். தினக்கூலிக்காரரை நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்வதற்குக் காகிதம்கூட வேண்டியதில்லை. ஓமனாவுக்கு அது தெரிந்திருந்தது.

கதவு திறந்தது. வந்தவர் நேராக ஓமனாவிடம் போனார்.

"நீட்டிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணும் பிரச்சினை இல்ல. உங்கலப் பத்தி யாரும் கேக்கவே இல்ல."

"சத்தியமாணோ சாரே?"

"சத்தியம்."

ஓமனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார். எனக்கு நம்ப முடியவில்லை. போஸ்ட் டாக்டர் வாயிலிருந்து ஒரு நல்ல செய்தி, அதுவும் பின்னால் எந்தத் துக்கமும் ஒட்டாமல். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது வாழ்த்துச் சொன்னேன்.

"மாசக் கடைசில போயிரணும் சார்" என்றார். "யாரு கொல்லச் சொன்னதுன்னு கேட்டாங்க. நாந்தான்னேன். எதுக்குன்னாங்க. நல்லாருக்குன்னு சொல்றதுக்குன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

கிழக்கேகோட்டை பஸ் கூட்டமாக வந்தது. உள்ளே ஒரே ஓர் இடம், ஜன்னலோரம். அவரை அதில் உட்கார வைத்துவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னல் வெயில் அவர் மேல் விழாதபடி நான் மறைத்து நின்றுகொண்டேன்.