முத்திரை பாய்க்கு ஒரு சொல்

அறுபதுகளில் தாராவியில் புது வருஷத்தை நடத்தியது காலண்டர் அல்ல, முத்திரை பாய். அவர் சொல் கொடுக்காதவரை ஜனவரி பிறந்துவிட்டதாக எங்கள் சந்தில் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. மேலப்பாளையத்துக்காரர், தனி ஆள், எங்கள் சந்தில் கடைசிக் குடிசை. கடை மட்டும் கிங்ஸ் சர்க்கிளில், ஒரு மாடிப்படிக்கு அடியில். ஈய எழுத்துகளைக் கோத்து, அச்செடுத்து, ரப்பரைச் சுட்டு ஆபீஸ்களுக்கு ஸ்டாம்ப் செய்து கொடுப்பார். அந்தப் பக்கம் தமிழ் எழுத்து வைத்திருந்த ஒரே கடை அதுதான். கருகிய ரப்பர் வாசனை அவருக்கு முன்னால் சந்துக்குள் வரும். அவர் போன பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நிற்கும்.

நாங்களெல்லாம் சபதக் கட்சி. சிகரெட்டை விடுவோம், விடிவதற்குள் எழுந்து தண்டால் எடுப்போம் என்று டிசம்பர் முழுக்கச் சொல்லித் திரிவோம். பாய்க்கு அது ஆகாது.

"சபதம் எடுக்கான், எட்டாந்தேதி மறக்கான். ஒத்தச் சொல்லு போதும்வே. வருசம் பூரா அது நம்மளக் கூட்டிட்டுப் போவும்" என்பார்.

ஜனவரி முதல் தேதி காலையில் கடை முன் போய் நின்றால், ஒரு பீடி எரிந்து முடியும்வரை கண் சிமிட்டாமல் முகத்தைப் பார்ப்பார். பிறகு எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே அவர் கை போகும். ஒரே ஒரு சொல்லை ஸ்டாம்பாக்கித் தருவார். அதைத் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இடது மணிக்கட்டில் குத்திக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தர மாட்டார். ஊதா மை மணிக்கட்டுகளோடு நாங்கள் பஸ்ஸில் தொங்குவதைப் பார்த்து, ஏதோ ஜெயிலிலிருந்து மொத்தமாக விட்டிருக்கிறார்கள் என்று கண்டக்டர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

தோல் பட்டறை வேலாயுதத்துக்குக் 'கதவு' என்று வந்தது. அவன் குடிசைக்குக் கதவே கிடையாது, சாக்குப் படுதாதான். சொல்லுக்கு மரியாதையாக ஒன்று போட்டுவிடலாம் என்று குர்லாவில் ஒரு மரக்கடைக்குப் போனான். கதவை மாட்ட வந்த கடைக்காரருக்குப் பையனைப் பிடித்துப்போய், தீபாவளிக்குள் மகளையும் கொடுத்துவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருஷம் சிரிப்பு நின்றது. தையல்கார சுடலைக்கு 'இடதுபக்கம்' என்று வந்தது. மனிதர் இடது ஓரமாகவே நடந்தார், இடது கையால் டீ குடித்தார், தைக்கிற துணியைக்கூட இடது சுவரோரம் கொண்டுபோய் உட்கார்ந்து காஜா எடுத்தார். ஆடி மாத மழையில் ஒரு மத்தியானம் வலது சுவர் மொத்தமாக உள்ளே சாய்ந்தது. மிஷின் அப்பளமாகிவிட்டது. சுடலை இடது ஓரத்தில் பல்லுக்கிடையே ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஊசியை வாங்க எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு ஜனவரி முதல் தேதி குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் கடை முன் போய் நின்றோம். இது எப்படித் தெரிகிறது என்று நான் ஒருநாள் பாயிடமே கேட்டேன்.

"எனக்கென்னவே தெரியும்? ஒவ்வொருத்தன் முகத்துலயும் எழுதியிருக்கு, ஸ்டாம்பு எழுத்து மாதிரி இடம் வலம் மாறி. எனக்கு அத வாசிச்சுப் பழக்கம், அம்புட்டுத்தான்."

தன் சொல்லை அவர் சவரக் கண்ணாடியில் வாசித்துக்கொள்வார். அன்று முழுக்க நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு ஜனவரி. நான் போனபோது சவரக் கண்ணாடி துணி போட்டு மூடியிருந்தது. பாய் என்னை உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் எழுதலவே. முகம் வெறுமனே கெடக்கு."

சொல் இல்லாதவனுக்கு வருஷம் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அதற்குள் அது என் நம்பிக்கையும் ஆகியிருந்தது. எழுத்துப் பெட்டியை என் பக்கம் தள்ளி, இந்தத் தடவை தனக்கு நான்தான் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்றார். பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டிஸ்பாட்ச் கிளார்க். சந்தில் ஸ்டாம்ப் குத்திப் பிழைக்கிறவன் நான் ஒருவன்தான் என்பது அவர் நியாயம்.

ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டேன். 'ஆயுள்' என்றால் ஆயுள் தண்டனையாகப் பலித்துத் தொலைக்கும். 'நலம்' என்றால் ஏதாவது ஆஸ்பத்திரிப் பலகையில் போய் முடியும். கடைசியில், உலகத்தில் நான் முழுதாக நம்பிய ஒரே சொல்லைச் சொன்னேன்.

"பெண்டிங்."

"அது என்னவே, தமிழா?"

தமிழ் இல்லை, ஆனால் அந்த முத்திரை விழுந்த காகிதம் ஒன்றுகூடச் செத்து நான் பார்த்ததில்லை என்றேன். எங்கள் ஆபீஸில் அதைக் குத்திய சூப்பரின்டெண்டுகள் ரிட்டயராகிப் போய்விட்டார்கள். காகிதங்கள் திடகாத்திரமாக இருந்தன. பாய் தமிழ் எழுத்திலேயே அதைக் கோத்தார். எழுத்துப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அவர் எழுத்தெடுத்தது அன்றுதான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அரைநாள் ஆபீஸ் முடிந்து கடைக்குப் போனேன். பேய்மழை. தொழுதுவிட்டு வருகிறேன், கடையைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு பாய் குடையோடு போனார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து படியருகே பலகையில் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் பை. ஒரு பெயரைச் சொல்லி, வாப்பா பெயர், ஊர், தெருவெல்லாம் சொல்லிக் கேட்டார். சுத்தமான எங்கள் பக்கத்துத் தமிழ். எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்றேன். இங்கே ஸ்டாம்பு போடுகிறவர்தான் என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார்.

ஒரு கை காகிதத்தை நீட்டினால் டிஸ்பாட்ச் கிளார்க் என்ன செய்வான்? எட்டு வருஷப் பழக்கம். வாங்கினேன், படிக்கவில்லை, மேஜையில் கிடந்த பாயின் 'பெண்டிங்' ஸ்டாம்பை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தித் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நிதானமாக வாசித்தார்.

"அப்ப நான் எப்ப வரட்டும்?"

எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்.

"நாங்களே சொல்லி அனுப்புவோம்."

அவர் மரியாதையாகத் தலையாட்டி, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். குடை இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். அவர் நின்ற பலகை உலர்ந்து கிடந்தது. அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பாய் சொட்டச் சொட்ட வந்தார். நான் சொல்லச் சொல்ல, அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. பம்பாயில் யாருக்கும் தெரியாத தன் பெயர் அது என்றார். குனிந்து பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

"நல்ல ஆபீஸ்வே, உம்ம ஆபீஸு" என்றார்.

அன்று எனக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷம் கழிந்தது, அடுத்ததும் கழிந்தது. சொல்லை அவர் மாற்றவே இல்லை. அறுபதுகளின் கடைசியில் தங்கை மகன் வந்து அவரை ஊருக்குக் கூட்டிப் போனான். ரயிலேறும்போது அந்த ஸ்டாம்பை என் கையில் வைத்து, இது உம்மகிட்ட இருக்கட்டும் என்றார்.

அப்புறம் அவரைப் பற்றி நான் கேட்டதே இல்லை. மேலப்பாளையத்து ஆட்கள் வந்து பேச்செடுத்தால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். வயதைக் கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டியிருப்பார். கூட்டிப் பார்ப்பதில்லை. தூங்குகிற காகிதத்தை விசாரித்தால் யாராவது எடுத்து முடித்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். ஜனவரி முதல் தேதி காலையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவருக்காக ஒரு தடவை அழுத்திக் குத்தி வைக்கிறேன்.

நான் இன்னும் சொல்லி அனுப்பவில்லை, பாய்.