கேள்விய வாசி டீச்சரின் குறட்டைக் கோப்புகள்

திருவனந்தபுரத்தில் 'சரி' என்று சொல்வதற்கு முன் கேள்வியை முழுவதும் படிக்கிற உயிர் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் கேள்விய வாசி டீச்சர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளி. அவர் கணக்கு, நான் இயற்பியல், கூடவே கம்ப்யூட்டர் லேப். கேரளத்துப் பள்ளிகளில் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ்தான் என்பதால், பென்சன் வாங்கும் வயதிலும் எங்களுக்கு வேறொன்றும் ஓட்டத் தெரியாது. தேர்வு அறையில் டீச்சர் சொன்னது ஒரே வாக்கியம்: "கேள்விய வாசி பிள்ளே." விடை தெரிந்த பிள்ளைக்கும் அதைக் கேட்டதும் சந்தேகம் வந்துவிடும்.

தம்பானூரில் ஆட்டோக்காரர் "கேறிக்கோ டீச்சரே, போகாம்" என்று ஏறச் சொன்னால், "எங்கன்னு நான் இன்னும் சொல்லல்லியே" என்று வெளியே நின்றபடி கேட்பார். புதுக் கைபேசி வாங்கியபோது, 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற பொத்தானுக்கு முன்னால் இருந்த பக்கங்களை ஓணம் விடுமுறை முழுக்கப் படித்தார். அதுவரை அந்தக் கைபேசி ஒரு கண்ணாடித் துண்டு.

சர்ச்சில் கல்யாணத்தன்று போதகர் "இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோது, "அந்த ரெண்டாவது வரிய ஒருக்கா வாசிக்கணும்" என்றாராம். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் சம்மதித்தேன் என்பார் டீச்சர்.

அப்படிச் சிரித்த அண்ணாச்சி வாழ்க்கையில் செய்த ஒரே குற்றம் குறட்டை. அதைவிடப் பெரிய குற்றம், "நானா? ஒருநாளும் இல்ல" என்று மறுத்தது. டீச்சர் கைபேசியில் பதிவு செய்யத் தொடங்கினார். சாட்சியம் சேரச் சேர ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் ஏற்றினார். அண்ணாச்சி கேட்க மறுத்தார். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, "அது பக்கத்து வீட்டு மிக்சி" என்றார். டீச்சரும் எதையும் தனக்காகப் போட்டுக் கேட்டதில்லை; தினமும் நேரில் கேட்பதை யார் மறுபடி கேட்பார்கள்? வழக்கு முடியுமுன் அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார்.

சில மாதம் கழித்து டீச்சர் அந்த டிஸ்க்கைச் சொருகினார். ஒரு கோப்பும் திறக்கவில்லை. வாசிக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி மட்டும் வந்தது. வேறு நகல் கிடையாது. நகரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகனோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, டிஸ்க் போச்சு. தூரக் களஞ்சிட்டு வேற வாங்கினா மதி, அது போதும். குறட்டைதானே?"

"குறட்டைதான். ஒனக்க அப்பாவுக்க குறட்டை."

மகன் டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தான்.

டிஸ்க்குக்குச் சுகமில்லை என்றதும் எல்லோரும் செய்யும் முதல் தவறு, உடனே ரிப்பேர் பார்ப்பது. முறை வேறு. முதலில், கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் படிக்க வேண்டும். படித்தேன்; டிஸ்க்கின் இணைப்பு அறுந்து அறுந்து சேர்ந்திருந்தது. அடுத்தது கேபிள். சாலைக் கடைத்தெருவில் புதிது வாங்கி மாட்டியதும் அறுவது நின்றது, ஆனால் சில இடங்கள் அப்போதும் வாசிக்க மறுத்தன. மூன்றாவது, முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுப்பது. எடுத்தேன். ரிப்பேரை அந்த நகலில்தான் செய்ய வேண்டும். அதற்கு எஃப்.எஸ்.சி.கே. என்று ஒரு கட்டளை. அது தப்பைக் கண்ட இடத்திலெல்லாம் கேள்வி கேட்கும். கூடவே 'மைனஸ் ஒய்' என்று தட்டினால் கேட்காது. தட்டப் போனேன்.

"அது என்னத்துக்கு சாரே?"

"எல்லா கேள்விக்கும் ஆமான்னு அதுவே போட்டுக்கிடும் டீச்சர்."

"வாசிக்காமலா? லேப்ல பிள்ளைகளுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தியளாக்கும்?"

மைனஸ் ஒய்யை எடுத்துவிட்டேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"அழிக்கவான்னு கேக்கான். யாருன்னு சொல்லாம அழிக்க நான் எப்படிச் சம்மதிப்பேன்?"

"அது ஒடஞ்ச துண்டு டீச்சர்."

"ஒடஞ்சா அழிக்கணுமா?"

டீச்சர் 'வேண்டாம்' என்றே தட்டினார். 'அநாதையாகக் கிடக்கும் கோப்பை, கண்டெடுத்தவை என்ற கோப்புறையில் சேர்க்கவா?' என்று கேட்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. "இது மரியாதையான கேள்வி" என்று, ஆமாம் என்பதற்கான ஒய்யைத் தட்டினார்.

மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. கண்டெடுத்த கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் பெயரை மறைத்து எண் போட்டுக் கொடுப்பார்களே, அதேபோல.

"இங்க குடுங்க. எனக்குப் பழக்கமாக்கும்."

முதல் கோப்பைத் திறந்தார். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. "இது அயில மீன் கறி தின்ன அன்னைக்கு" என்று பெயர் போட்டார். அடுத்தது. "இது என்கிட்ட கோவிச்சிட்டுப் படுத்தது. மூச்சுலயே தெரியும்." எனக்கு எல்லாமே ஒரே பஸ் ஒரே மேட்டில் ஏறுவதுபோலத்தான் கேட்டது.

அதற்கடுத்த கோப்பில், குறட்டைக்கு நடுவே டீச்சரின் குரலும் இருந்தது. "இங்க பாருங்க, இப்பவாவது ஒத்துக்கிடுதியளா?"

டீச்சர் அறையை விட்டுப் போகும் காலடிச் சத்தம். குறட்டை நின்றது. தூக்கத்தில் ஒரு ஆண்குரல்: "ஆமாம்மா... ஆமா." மறுபடி பஸ் மேடேறியது.

டீச்சர் நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார்.

"கேள்விய வாசிக்காம எழுதுன விடை. செல்லாது" என்றவர், கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிளம்பும்போது வாசலில் நின்றார். "சாரே, பேரு போட இன்னும் நெறைய கெடக்கு. நாளைக்கும் நான் இங்க..."

"சரி டீச்சர்" என்றேன், கேள்வி முடியும் முன்பே.

டீச்சர் முறைத்தார். அரை மார்க் போயிருக்கும். போகட்டும்.